விருந்தினர் கயிற்றுக்குள் ஒருத்தி

அந்த மைதானத்தை எனக்குப் பிடிக்காது. முதல் தடவை போனபோதே பிடிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் பிடிக்கவில்லை.

ஒஸ்லோவின் வடக்கே, மேட்டில் இருக்கிறது. நான் இருப்பது ஹவுகெட்டோவில், நகரத்தின் தெற்கே. அங்கிருந்து ரயில், பிறகு சுரங்க ரயில், பிறகு ஆப்பிள் மரம் வைத்த பெரிய வீடுகளுக்கு நடுவே மூச்சு வாங்க ஏற வேண்டும். அந்த வீடுகளின் வாசலில் ஒரு மனிதரையும் காண முடியாது. ஆனால் யன்னலுக்குள் யாரோ நிற்பார்கள். இவள் எங்கே போகிறாள் என்று பார்ப்பார்கள். நானும் திருப்பிப் பார்ப்பேன். அவர்கள்தான் முதலில் முகத்தைத் திருப்புவார்கள்.

மேலே போனால் உதைபந்தாட்ட மைதானம். மரத்தால் கட்டிய பழைய மேடை, உட்கார நாலு வரிசை வாங்கு, சிவப்புப் பூச்சு. ஒவ்வொரு வசந்தத்திலும் கழகத்துக்காரர் எல்லோரும் கூடி, சம்பளம் இல்லாமல், தாங்களே அதற்குப் பூச்சு அடிப்பார்கள். இந்த நாட்டில் அதற்கு துக்னாட் என்று பெயர். துக்னாட் செய்தவருக்கு அந்த இடம் சொந்தம். செய்யாதவர் வந்துபோகிறவர். காப்பிக் கடைச் சுவரில் ஆணி அடித்து, அங்கத்தவர்களின் குவளைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். எனக்குக் கடதாசிக் கோப்பை. அதிலும் பாதிதான் ஊற்றினார்கள்.

இவ்வளவு பெருமையும் எதற்கு? பெண்கள் நான்காம் பிரிவுக்கு. அதற்குக் கீழே விழ அதிகம் இடம் இல்லை. பார்க்க வருகிறவர்களை எண்ண இரண்டு கை போதும்.

என் மகள் எங்கள் பக்கத்துக் கழகத்தின் கோல்கீப்பர். இருபத்து மூன்று வயது. பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை. ஒன்பது வயதில் கையுறை போட்டாள். அன்றிலிருந்து அவளுடைய கோலுக்குப் பின்னால் நிற்பவள் நான். மழை, பனி, முதியோர் இல்லத்தில் விடிய விடியச் செய்த வேலை, ஒன்றும் என்னை நிறுத்தியதில்லை. கணவருக்குப் பந்தும் பிடிக்காது, குளிரும் பிடிக்காது. அவர் வீட்டில் இருந்து ஊர்ச் செய்தி பார்ப்பார். மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வளர்ந்த பிள்ளையின் விளையாட்டைப் பார்க்க எதற்குப் போவது என்று கேட்டார்கள். நான் போனேன். போன வருடம் மகள் தனியாக அறை எடுத்துப் போனபிறகு, சனிக்கிழமை ஆட்டம்தான் எனக்கு அவளைக் காணக் கிடைத்த நேரம்.

நான் சும்மா நிற்பதில்லை. கோலுக்குப் பின்னால் நிற்பவருக்கு எல்லாம் தெரியும். இடப்பக்கத்தால் ஒருத்தி ஓடி வருவாள், என் மகள் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். "இடப்பக்கம் பார்!" என்று கத்துவேன். திரும்புவாள். "வெளியில வா!" என்பேன். பாய்ந்து போய்ப் பந்தை அமுக்குவாள். எதிரணிக்கு ஒன்றும் விளங்காது. நோர்வேயில் எங்களுக்கு இருக்கிற ஒரே வசதி அது. பஸ்ஸில், கடையில், வேலையிடத்தில், யாருக்கு முன்னாலும் யாரைப் பற்றியும் தமிழில் சொல்லலாம். ஒருவருக்கும் விளங்காது.

நான் கடைசியாக அந்த மேட்டுக்குப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன், எங்கள் மைதானத்தில், மத்தியஸ்தர் விளையாட்டை நிறுத்தினாள். என் மகளைவிடச் சின்னவள். விசிலைக் கையில் பிடித்தபடி என்னிடம் நடந்து வந்து, கோலுக்குப் பின்னால் நின்று கட்டளை போடக் கூடாது என்றாள். நான் அவளிடம் நாலு வார்த்தை கேட்டேன். அது எழுத்தில் போயிற்று. பயிற்றுநருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

மகள் தன் குளிர்ச் சட்டையை எடுக்க வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, சனிக்கிழமை நீங்கள் வரலாம். ஆனா ஒரு சத்தமும் வரக்கூடாது."

"நான் என்ன, கல்லே?"

"ஒரு சத்தம் கேட்டாலும் அதுதான் கடைசி. பிறகு ஒரு மட்சுக்கும் நீங்கள் வரத் தேவையில்லை. ட்ரெய்னரிட்டயும் சொல்லிப்போட்டன்."

"பெத்த தாயைத் தள்ளி வைக்கிறதுக்கு ட்ரெய்னரிட்ட உத்தரவு வாங்கினனியோ?"

"பின்லி, அம்மா. சரியான பின்லி."

வெட்கக்கேடு என்பதற்கு நோர்வீஜியச் சொல் அது. வெட்கம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது.

"சரி, கத்தமாட்டன்" என்றேன். அவள் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை. ஆனால் கத்தினால் அவளைக் காண ஒரு நாளும் மிஞ்சாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்படித்தான் ஒக்டோபர் மழையில் அந்த மேட்டுக்கு ஏறினேன். மகள் தோழிகளின் காரில் முதலே போய்விட்டாள். நான் வழக்கம்போல அவளுடைய கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். கழுத்துத் துண்டு கட்டிய கிழவர் ஒருவர் வந்து, விரலால் மூலையைக் காட்டினார். மூலையில் நாலு தடி நட்டு, கயிறு கட்டி, "விருந்தினர்" என்று பலகை தொங்கவிட்டிருந்தார்கள்.

"நான் ஒரு ஆள்தானே" என்று நோர்வீஜியத்தில் சொன்னேன்.

"ஒரு ஆள் என்றாலும் விருந்தினர் விருந்தினர்தான்" என்றார். "இங்கே எப்போதும் அப்படித்தான்."

போய் நின்றேன். நாலு தடிக்கு நடுவே நான் ஒருத்தி. இந்த நாட்டின் வடக்கு நுனியில், ஹம்மர்பெஸ்டில் மூன்று வருடம் மீன் வெட்டியவள் நான், குளிரை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் அந்த மூலையில் அடித்த காற்று வேறு. அந்த இடத்தை வேண்டுமென்றே தெரிந்தெடுத்திருப்பார்கள். செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர்த் துகள் பறந்து வந்து காப்பிக்குள் விழுந்தது. கொட்டிவிட்டேன்.

முதல் பாதியில் மகளின் கோல் என் மூலைக்குப் பக்கத்தில். அவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நான் வாயைக் கையுறையால் பொத்திக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

கயிற்றுக்கு வெளியே ஒரு ஆள் மஞ்சள் அங்கி போட்டு நின்றார். அதற்கும் இங்கே ஒரு பெயர் இருக்கிறது, கம்ப்வெர்ட். பார்க்க வந்தவர்கள் சண்டை பிடிக்காமல், பிள்ளைகளைத் திட்டாமல் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. அதுவும் துக்னாட்தான். மாநிறம், தாடி, நனைந்த தொப்பி. பாகிஸ்தான்காரர் என்று முடிவு கட்டினேன். எங்கள் ஆள் என்றால் இருபது அடிக்கு அப்பாலேயே எனக்குத் தெரியும். மீசை சொல்லும், நிற்கிற நிலை சொல்லும். இவர் எங்கள் ஆள் இல்லை.

கத்த முடியாத வாயை எங்கேயாவது திறக்க வேண்டும். திராமனில் இருக்கிற தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

"ஓமடி, கயித்துக்குள்ள விட்டிருக்கிறாங்கள், மாடு மாதிரி. முன்னால ஒரு பாகிஸ்தான்காரன் மஞ்சள் அங்கியோட காவல் நிக்கிறான். வயலுக்க நட்ட வெருளி மாதிரி. மூஞ்சையைப் பாத்தா மூண்டு நாளா வயித்தால போகாதவன் போலக் கிடக்கு."

அந்த ஆள் மெல்லத் திரும்பினார்.

"மூணு நாள் இல்லைங்க மேடம். காலையிலேயே போயிருச்சு."

தங்கச்சி போனில், "ஆரக்கா அது? ஆர் கதைக்கிறது?" என்று கேட்டாள். நான் போனை அணைத்தேன்.

"நீங்க ஸ்ரீலங்காவா?" என்றார் அவர். "நான் சேலம் பக்கம். உங்க தமிழ் ரொம்ப அழகா இருக்குங்க."

தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு அது பாராட்டாகப் படுவதில்லை. மிருகக்காட்சிச்சாலையில் கிளி பேசுவதைக் கேட்டு வியப்பது போல இருக்கும்.

"உங்கட தமிழும் ஓரளவுக்கு விளங்குது" என்றேன்.

அவர் சிரித்தார். திட்டினாலும் சிரிக்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். "வெருளின்னா சோளக்கொல்லை பொம்மைதானே?" என்று வேறு கேட்டார்.

"ஓம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். மன்னிப்புக் கேட்கிற குரலில் நான் கேட்கவில்லை.

"பரவால்லைங்க. நீங்க வாயைப் பொத்திக் காட்டுனதைப் பார்த்தேன். நானும் இன்னைக்கு வாய் திறக்கக் கூடாது. இந்த அங்கி போட்டா கை தட்டக்கூட முடியாது. கொடுமை என்னன்னா, அந்தப் பதினொன்னாம் நம்பர் என் பொண்ணு."

பதினோராம் இலக்கக்காரியை நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். மெலிந்தவள், சரியான வேகம். எங்கள் பின்வரிசைக்காரிகளை ஓட்டம் காட்டிக்கொண்டிருந்தாள். அன்று எங்களுக்குப் பயப்பட வேண்டிய ஆள் அவள் ஒருத்திதான்.

இடைவேளையில் அவள் தண்ணீர் குடிக்கக் கயிற்றடிக்கு வந்தாள். தகப்பன் அவளிடம் ஆங்கிலத்தில் கதைத்தார். அவளும் "ஓகே, டாடி" என்று ஓடினாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. இந்தியாவில் இருந்து வருகிற கணினிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரும், நோர்வீஜியம் வரும், தமிழ் வராது. எங்கள் ஆட்கள் எந்த வீட்டில் கூடினாலும் இதைச் சொல்லாமல் எழும்புவதில்லை. நாங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தமிழ் படிப்பித்தவர்கள், அவர்கள் படிப்பிக்காதவர்கள் என்று. நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் பாதிக்கு அணிகள் பக்கம் மாறின. மகளின் கோல் இப்போது மைதானத்தின் மற்றக் கரையில். நான் கயிற்றைத் தூக்கினேன்.

"மேடம், அங்க உள்ளூர்க்காரங்க நிக்கிற இடம்."

"பதின்னாலு வருசமா அவளின்ர கோலுக்குப் பின்னால நிக்கிறன். இஞ்சை உங்கட கயித்துக்காக விடுறதோ?"

அவர் மேடைப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போட மாட்டேன்னு சொல்லுங்க. என் பொறுப்புல கூட்டிட்டுப் போறேன்."

"போடமாட்டன்."

ஒரே மாதத்தில் இரண்டு பேருக்குக் கொடுத்த ஒரே வாக்கு.

மறுகரையில் ஐந்தாறு கிழவர்கள், ஆணியில் இருந்து எடுத்த சொந்தக் குவளைகளோடு. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதத் தேவையில்லை. அங்கே போனதும்தான் தெரிந்தது, இந்த மைதானத்தில் கத்தக் கூடாது என்பது வந்தவர்களுக்கு மட்டும்தான்.

"கீப்பருக்குக் கால் நடுங்குது, பாருங்கள்!" என்று ஒருவர் நோர்வீஜியத்தில் கத்தினார்.

"உயரம் காணாது. ஏறி நிற்க ஒரு பெட்டி கொடுங்கள்!"

"பெட்டி வேண்டாம், கண்ணாடி கொடுங்கள்!"

என் மகளுக்கு மூன்று அடி பின்னால் நின்று சொன்னார்கள். அவள் கையுறையை இறுக்கினாள். திரும்பவில்லை. மஞ்சள் அங்கிக்காரர் அவர்களிடம் போய், தயவுசெய்து, என்று ஏதோ தொடங்கினார். கழுத்துத் துண்டுக் கிழவர் அவருடைய தோளில் தட்டினார்.

"நான் இந்த மேடைக்குப் பூச்சு அடிக்கத் தொடங்கியபோது நீ பிறக்கவே இல்லை, தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன, அவ்வளவுதானோ உங்கட உத்தியோகம்?" என்று கேட்டேன்.

"பொண்ணு இங்கதான் விளையாடணுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு சத்தமும் போடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் குரலை அடக்கியது பூசையில்கூட இல்லை. கோல் ஒன்றும் விழவில்லை. ஆட்டம் முடிய ஐந்தோ ஆறோ நிமிடம்தான் இருக்கும். மகள் இரண்டு நல்ல பந்தைப் பிடித்தாள். இப்படியே முடிந்தால் போதும், அடுத்த சனிக்கிழமையும் எனக்கு இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போது நடுவில் எங்கள் பிள்ளை ஒருத்தி வழுக்கி விழுந்தாள். பந்து அவளைத் தாண்டிப் போயிற்று. பதினோராம் இலக்கக்காரி அதன் பின்னால். அவளுக்கும் என் மகளுக்கும் நடுவே ஒருவரும் இல்லை. மகள் கோட்டிலே நின்றாள். முழங்காலை மடித்து, கையை விரித்து, அசையாமல். பந்து அந்தப் பெண்ணின் காலில் இருந்து தள்ளி உருண்டது. இப்போது ஓடினால் எடுக்கலாம் என்று எனக்குப் பட்டது. கிழவர்கள் உறுமினார்கள். என் நெஞ்சுக்குள் இருந்த எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"வெளியில வா! வெளியில வாடி!"

மகள் ஓடினாள்.

பதினோராம் இலக்கக்காரி தலையை நிமிர்த்தினாள். அவள் என் மகளைப் பார்க்கவில்லை. என் மகளின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். பிறகு பந்துக்குக் கீழே கால் நுனியைக் கொடுத்து மெதுவாகத் தூக்கினாள். பந்து என் மகளின் தலைக்கு மேலால் போய், வெறும் கோலுக்குள் இரண்டு தரம் துள்ளி, வலையில் பட்டு, எனக்கு முன்னால் வந்து நின்றது.

கிழவர்கள் குவளையை வேலியில் அடித்தார்கள். மஞ்சள் அங்கிக்காரர் ஒரு தரம் துள்ளினார். உடனே அங்கியைக் கீழே இழுத்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"மேடம்..." என்றார். "அவளுக்குத் தமிழ் தெரியுங்க. வீட்ல தமிழ்தான்."

"பின்னை ஏன் இங்கிலீசில கதைச்சனீங்கள்?"

"எல்லார் முன்னாடியும் தமிழ்ல பேசுனா அவளுக்கு வெக்கமா இருக்காம். வேணாம்னு சொல்லிட்டா."

 

ஒன்றுக்குப் பூச்சியத்தில் ஆட்டம் முடிந்தது. கழுத்துத் துண்டுக் கிழவர் என்னைத் தாண்டிப் போகும்போது, அன்று முதல் தடவையாக மரியாதையோடு தலையை ஆட்டினார். "அடுத்த வருடமும் கட்டாயம் வாருங்கள்" என்றார். "உங்களால் எங்களுக்குப் பிரயோசனம் இருக்கிறது." அவருக்குத் தமிழ் விளங்கியிருக்காது. நடந்தது விளங்கியிருந்தது.

பதினோராம் இலக்கக்காரியும் அந்தப் பக்கத்தால்தான் போனாள். வியர்வையும் மழையும் வழிய, பல்லைக் காட்டிக்கொண்டு, அச்சு அசல் தமிழில் சொன்னாள்.

"நான் சைடுல அடிக்கத்தான் இருந்தேன். நீங்க சொன்னதும்தான் தூக்கிப் போட்டேன். தேங்க்ஸ், ஆன்ட்டி."

எனக்கு அவளுடைய காதைப் பிடித்துத் திருக வேண்டும் போல இருந்தது. தகப்பன் பக்கத்தில் நின்றார். இல்லாவிட்டாலும் செய்திருக்க மாட்டேன். செய்திருப்பேனோ தெரியாது.

மகள் உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வரும்வரை கார் நிறுத்தும் இடத்தில் நின்றேன். தோழிகள் காருக்குள் இருந்தார்கள். அவள் பையை நிலத்தில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நானும் கத்தலாம்.

"அம்மா, நான் கோட்டில நிண்டனான். கண்டனீங்கள்தானே?"

"கண்டனான். பந்து தள்ளிக் கிடந்தது. ஓடினா எடுத்திருக்கலாம்."

"நிக்கிறதெண்டு நான் முடிவெடுத்தனான். நிண்டிருந்தா அவள் எங்க அடிச்சாலும் கை எட்டியிருக்கும். எனக்குத் தெரியும். ஆனா நீங்கள் கத்தினவுடன என்ர கால் தானா ஓடுது. எனக்கு இருபத்து மூண்டு வயசு. உங்கட சத்தம் கேட்டா நான் யோசிக்கிறேல்லை. அப்பிடியே ஓடுறன்."

"தாய் சொன்னதைக் கேக்கிறது பிழையோ?"

"கோலுக்குள்ள நிக்கேக்க பிழை."

"அந்தப் பெட்டைக்குத் தமிழ் விளங்கும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவளை விடுங்கோ, அம்மா. நான் அவளைப் பற்றிக் கதைக்கேல்லை."

இவ்வளவு நாளும் நான் நினைத்தது, இவள் என் தமிழுக்கு வெட்கப்படுகிறாள், என் பழைய சட்டைக்கு வெட்கப்படுகிறாள், என்னைத் தாய் என்று காட்ட வெட்கப்படுகிறாள் என்று. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த பதில். இதற்கு இல்லை.

"அப்ப அடுத்த சனி?"

"வராதேங்கோ."

தோழி ஒருத்தி கார்க் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றினாள்.

"சரி" என்றேன். அதற்கு யாரும் எனக்குப் பரிசு தர வேண்டியதில்லை.

சுரங்க ரயில் நிலையம் வரை இறங்கிப் போகும்போது எல்லோரையும் திட்டினேன். கிழவர்களை, கயிற்றை, மஞ்சள் அங்கியை, சேலத்தை, காலில் ஒட்டிய ரப்பர்த் துகளை. இம்முறை மெதுவாகத் திட்டினேன். யாருக்கு விளங்கும் என்று இனிச் சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை மகளின் அணிக்கு ஆட்டம் திராமனில். தங்கச்சி போன் எடுத்து, மைதானம் தன் வீட்டில் இருந்து நடக்கிற தூரம்தான், தான் போய் நின்று எனக்கு நேரடியாகச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நீ சொன்னால் நான் போனுக்குள்ளால் கத்துவேன் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

நான்கரை மணிக்கு மகளின் போன் வந்தது. ஆட்டம் முடிந்து அவள் எனக்குப் போன் எடுத்தது அதுதான் முதல் தடவை. இதுவரை அதற்கு ஒரு தேவையும் இருந்ததில்லை.

"ரெண்டுக்கு ரெண்டு" என்றாள். மூச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"ம்."

"ரெண்டாவது கோல் என்ர பிழை. நானா முடிவெடுத்து வெளியில ஓடினனான். அவையின்ர பெட்டை ஒருத்தி என்னைச் சுத்திக்கொண்டு போயிட்டாள். முழுக்க என்ர பிழை."

ஏதோ வென்றவள் போலச் சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. எந்தப் பக்கத்தால் வந்தாள், பின்வரிசைக்காரிகள் எங்கே போனார்கள், எத்தனை அடி வெளியே ஓடினாய், எல்லாம் நாக்கில் வந்து நின்றன.

"கேட்டனீங்களா, அம்மா?"

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். சொல்லு."

அவள் சொன்னாள். முதல் நிமிடத்தில் இருந்து ஒவ்வொரு பந்தாகச் சொன்னாள். பாதிக்கு மேல் அவள் செய்தது பிழை என்று எனக்குப் பட்டது. நான் "ம்" மட்டும் போட்டேன்.